ஐந்து வாரம் தள்ளிப்போன ஈஸ்டர்

இரண்டு வருஷம் ஒரு வாரம் தள்ளி வந்த பண்டிகை மூன்றாவது வருஷமும் ஒரு வாரம்தான் தள்ளி வரும் என்று மேரிராணி நம்பினாள். அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். அவள் செய்த தப்பு வேறு, அது பின்னால் வருகிறது.

மத்திகிரியில் மாட்டுப்பண்ணைக்குப் போகிற ரோட்டில், ஏழு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற லைனில் கடைசி வீடு அவளுடையது. மார்ச் இருபத்துநாலு, குருத்து ஞாயிறு. பூசை முடிந்து குருத்தோலையோடு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ருமேனியாவிலிருந்து மகன் ரெக்ஸ் கூப்பிட்டான்.

"ம்மா, ஒரு தப்பு ஆயிடுச்சும்மா. இங்க ஈஸ்டர் இந்த வருஷம் மே அஞ்சாந்தேதியாம்."

"என்னடா சொல்ற? அங்க ஒரு வாரம்தான தள்ளி வரும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். போன வருஷமும் ஒரு வாரம், அதுக்கு முந்தின வருஷமும் ஒரு வாரம். ஜனவரியிலயே சூப்பர்வைசர்கிட்ட ஈஸ்டர் லீவுல ஊருக்குப் போறேன்னு சொன்னேன், சரின்னுட்டான். அவனும் தேதி சொல்லல, நானும் கேக்கல. நேத்து நோட்டீஸ் ஒட்டினப்பதான் பாக்கறேன். இவங்க சபைக்குக் கணக்கே வேறயாம்மா. ஒரு வருஷம் நம்மளோட சேந்தே வருமாம், ஒரு வருஷம் அஞ்சு வாரம் தள்ளிப்போவுமாம்."

"அதுக்கு முன்னாடி லீவு தர மாட்டாங்களா?"

"கம்பெனியில லைன் ஓடறப்ப லீவு கேட்டா அப்படியே போயிடும்பாங்க. அடுத்த மாசம்தான் பழைய ஆளுங்கள்ல யார வெச்சிக்கறதுன்னு லிஸ்ட் போடறாங்க. அப்பாவுக்கு அல்சர் எப்படி இருக்குது?"

"பரவால்ல," என்றாள் மேரிராணி.

பரவாயில்லை என்று சொல்லும்படி இல்லை. அல்சரும் இல்லை.

ஜான்பீட்டருக்கு ஐம்பத்தேழு வயது. சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் டர்னராக நின்ற மனிதர். டிசம்பரில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் மேரிராணியை வராண்டாவுக்குக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சொன்னார். இரைப்பையில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, மூன்று மாசம், ரொம்பப் போனால் நாலு. அதுவரை கன்னடம் தெரிந்ததற்காக அவள் வருத்தப்பட்டதில்லை, அன்றைக்குப் பட்டாள். உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். பஸ்ஸில் அத்திபெலெ தாண்டி ஜூஜுவாடி வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "ரெக்ஸுகிட்ட சொல்லாத."

அதற்குக் காரணம் இருந்தது. ரெக்ஸுக்குத் தன் பட்டறையிலேயே சிஎன்சி மெஷினில் வேலை வாங்கிக்கொடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. யாரிடமும் கை நீட்டாத மனிதர், மேனேஜர் கேபின் வாசலில் மூன்று நாள் நின்றார். பையன் பதினோரு மாசம் வேலை பார்த்தான். பிறகு அப்பாவுக்குத் தெரியாமல் மெடிக்கல் எடுத்து, விசா வாங்கி, விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்து சொன்னான். அன்றைக்கு இந்த வீட்டில் நடந்த சண்டையை லைனில் இருக்கிற ஏழு வீடும் கேட்டது. கடைசியில் ஜான்பீட்டர் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "போ. நான் செத்த பொறவு வந்தா போதும்."

கோபத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுகிறார்கள். சொல்லிவிட்டு மறந்தும் விடுகிறார்கள். இந்த அப்பனும் பிள்ளையும் மறக்கிற ஜாதியில்லை, வீம்பில் ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர்களும் இல்லை. இரண்டரை வருஷமாக ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசவில்லை. நடுவில் மேரிராணிதான் தபால்காரி. ரெக்ஸ் போன் செய்தால் ஸ்பீக்கரில் போடுவாள். ஜான்பீட்டர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பிறகு மெதுவாக, "அங்க குளிருதான்னு கேளு" என்பார். இவள் போனில், "குளிருதான்னு அப்பா கேக்கறாருடா" என்பாள். அவன், "கொஞ்சம் குறைஞ்சிருக்குதுன்னு சொல்லும்மா" என்பான். மூன்று பேருக்கும் கேட்கிற பேச்சை இவள் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அதையும் விட்டால் அவர்களுக்குள் ஒன்றுமே இல்லை என்பதால் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சாவுக்கு வான்னு சொன்ன வாய் இது," என்றார் ஜான்பீட்டர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு. "இப்ப சீக்குன்னு சொன்னா, சாவப்போறேன்னுதான் வருவான். நான் சொன்னது பலிச்ச மாதிரி ஆயிடும். அவன் பண்டிகைக்கு வரணும் ராணி. ஈஸ்டருக்கு வரேன்னுதான சொல்றான், அதுக்கே வரட்டும். அதுவரைக்கும் நான் தாங்குவேன்." அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள் செய்துகொடுத்தாள்.

கோயில் காலண்டரில் ஏப்ரல் ஏழைச் சுற்றிப் பென்சிலால் அவரே வட்டம் போட்டிருந்தார். நமக்கு மார்ச் முப்பத்தொன்று, அவனுக்கு ஒரு வாரம் கழித்து ஏழு. அந்த வட்டத்தைப் பார்த்தபடிதான் மூன்று மாசமும் படுத்திருந்தார்.

குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டே மேரிராணி விஷயத்தைச் சொன்னாள். அவர் காலண்டரை எடுத்துவரச் சொல்லி, தாளைத் தூக்கிப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார்.

"ஆறு ஞாயித்துக்கெழம," என்றார். தாளைக் கீழே விட்டார். "சரி. நமக்கும் அன்னைக்கே ஈஸ்டர்னு வெச்சிக்கலாம்."

"நல்லா இருக்குதே. போப்பாண்டவருக்கு ஒரு தேதி, உங்களுக்கு ஒரு தேதியா?"

"போப்பாண்டவர் வீட்டுப் பையனா அங்க இருக்கறான்?" என்றார். "அவன் வந்து உக்காந்த பொறவுதான் இந்த வீட்டுல முட்டை உரிக்கணும்."

அந்த வீட்டு வழக்கம் அது. தவக்காலம் முழுக்கக் கறி, முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வந்ததும் ஜான்பீட்டரே முட்டை அவித்து, தன் கையால் உரித்து, முதல் முட்டையைப் பையனுக்குக் கொடுப்பார். பிறகுதான் இட்லி, கறிக்குழம்பு எல்லாம். ரெக்ஸ் கிளம்பிப் போனதிலிருந்து அவர் முட்டை உரிக்கவில்லை. மேரிராணி உரித்தாள், இரண்டு பேரும் பேசாமல் தின்றார்கள்.

டாக்டரோ தினம் இரண்டு முட்டை கொடு, உடம்பில் தெம்பு நிற்கட்டும் என்றிருந்தார். நோயாளிக்குத் தவக்கால ஒறுத்தல் கிடையாது என்று பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜான்பீட்டரா கேட்பார்? கஞ்சியும் மோரும் போதும் என்றார். பையன் வருகிறவரை தவக்காலம் நீண்டுபோய்விட்டது, அவ்வளவுதான் என்றார். மேரிராணி ஒத்துக்கொண்டாள். எதையாவது பிடித்துக்கொண்டு அவர் இருக்கட்டும் என்று நினைத்தாள். இந்த இடத்தில் அவளை நான்கு வார்த்தை திட்டலாம் போலத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று மாசம் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவளைத் திட்ட மனசு வரவில்லை.

நம்முடைய ஈஸ்டர் வந்தது. லைனில் மூன்று வீடு கிறிஸ்தவர்கள், மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் கறிக்குழம்பு வாசனை வந்தது. கடைசி வீட்டில் மட்டும் கஞ்சி கொதித்தது. பக்கத்து வீட்டு ஃபகருன்னிசா வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ரம்ஜான் நோன்பு, எச்சில்கூட விழுங்காமல் நிற்கிறவள்.

"அக்கா, இன்னைக்கி உங்களுக்குப் பெருநாள். நீ என்னடான்னா கஞ்சி வெக்கற."

"இந்த வீட்டுக்கு மே அஞ்சுதான் ஃபகரு."

"எங்க நோன்பு பத்து நாள்ல முடிஞ்சிடும். உங்க நோன்பு முடியாது போல." சிரித்துக்கொண்டே சொன்னவள், உள்ளே கட்டிலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். மேரிராணியின் கையைப் பிடித்துப் பின்பக்கம் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணன் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது. மே மாசம்வரைக்கும் இருப்பாரா? ரெக்ஸுக்குச் சொல்லிடுக்கா."

"தலையில கைய வெச்சு சத்தியம் வாங்கிட்டாருடி."

"சத்தியத்த வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? நாளைக்கு அந்தப் புள்ள வந்து கேட்டா என்னா சொல்லுவ? நீ சொல்லலன்னா நான் சொல்றேன், நம்பர குடு."

"குடுக்க மாட்டேன்," என்றாள் மேரிராணி. குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. ஃபகருன்னிசா தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். தன் ரம்ஜான் பெருநாளன்று கறி கொடுக்காமல், இவருக்கென்று தனியாகப் பால் சேமியா காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜான்பீட்டர் இரண்டு ஸ்பூன் குடித்தார். அதற்கே ஃபகருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ் வெகு நேரம் பேசினான். ஸ்பீக்கர் போட்டிருந்தது. கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார் அவன் அப்பா.

"எங்க ஹவுஸ் ஓனரம்மா இப்பதான் தவக்காலத்துல இருக்காங்க. பாலுகூடத் தொட மாட்டாங்க. இங்கல்லாம் ஈஸ்டருக்கு மூணு நாள் முன்னாடி, வியாழக்கெழம முட்டைக்குச் சாயம் ஏத்துவாங்க. வெங்காயத் தோல் போட்டு வேகவெச்சா செவப்பாயிடும். பொறவு எண்ணெ தொட்டுப் பளபளன்னு தொடச்சு வெப்பாங்க. ஈஸ்டர் அன்னைக்கி ரெண்டு பேரு ஆளுக்கொரு முட்டைய எடுத்து மோதுவாங்க. ஒருத்தர் 'கிறிஸ்து உயிர்த்தார்'னு சொல்லி மோதணும். இன்னொருத்தர் 'மெய்யாகவே உயிர்த்தார்'னு பதில் சொல்லணும். பதில் சொல்லாம மட்டும் விடவே கூடாதாம். அப்படி மோதிக்கிட்டவங்க செத்த பொறவு மேல போயும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்களாம்."

"நல்ல வழக்கமா இருக்குதே," என்றாள் மேரிராணி.

"என் ரூம்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருக்கறான். அவங்க ஊர்ல வேற மாதிரி. விடியக்காலையில ஆம்பளைங்க எல்லாம் இயேசு சொரூபத்தத் தூக்கிட்டு ஒரு தெருவுல வருவாங்களாம், பொம்பளைங்க மாதா சொரூபத்தத் தூக்கிட்டு இன்னொரு தெருவுல வருவாங்களாம். மாதா முகத்துல கருப்புத் துணி போட்டிருக்கும். ரெண்டும் சந்திக்கற எடத்துல, மகன் வந்துட்டான்னு சொல்லி அந்தத் துணிய எடுத்துடுவாங்களாம். அதுதான் அவங்களுக்கு ஈஸ்டரே."

மேரிராணி போனுக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள். "சீக்கிரம் வந்துடு கண்ணு," என்றாள். "இன்னும் மூணு வாரம்தானம்மா," என்றான் அவன்.

போனை வைத்ததும் ஜான்பீட்டர் திரும்பினார். தூங்கி எழுந்தவர்போல் நடிக்கக்கூட மறந்துவிட்டார். "சாந்த் பாஷாகிட்ட வெங்காயத் தோலு கெடைக்குமா கேளு," என்றார்.

ஃபகருன்னிசாவின் வீட்டுக்காரர் சாந்த் பாஷாவுக்கு ஓசூரில் வெங்காய மண்டி. மறுநாளே ஒரு பை நிறைய வெங்காயச் சருகு வந்து இறங்கியது. மேரிராணி அடுப்பில் சட்டியை வைத்து, "எத்தனை போடட்டும்?" என்றாள்.

"ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு."

"நான் ஒருத்தி இருக்கறேன் இந்த வீட்டுல."

"உனக்கும் எனக்கும் எதுக்கு முட்டை? நீ எங்க போனாலும் என்னைத் தேடிக் கண்டுபிடிச்சிடுவ," என்றார். அவர் அவளைக் கேலி செய்து ரொம்ப நாளாகியிருந்தது. மேரிராணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முட்டை இரண்டும் செம்மண் நிறத்தில் வெந்து வந்தன. ஆறியபின் தேங்காய் எண்ணெயும் துணியும் கேட்டு வாங்கி அவரே துடைத்தார். முப்பத்தோரு வருஷம் இரும்பைக் கடைந்த விரல், நூலிழை வித்தியாசம் என்றாலும் தடவியே சொல்லிவிடும். முட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார். "எந்த லேத்துல கடைஞ்சான்யா இத," என்றார். ஒரு முட்டையைத் துடைத்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இருந்தும் இரண்டாவதையும் அவரேதான் துடைத்தார்.

"அவன் வந்தா என்ன பேசுவீங்க?" என்று கேட்டாள் மேரிராணி. மனசில் வெகு நாளாக இருந்த கேள்வி அது.

"நான் எதுக்கு பேசணும்? முட்டைய மோதினா அவன்தான் மொதல்ல சொல்லணும். நான் பதில் சொன்னா போதும். மொதல் வார்த்தை வந்துட்டா பொறவு தன்னால வரும்." முட்டையை அவளிடம் கொடுத்தார். "பதில் சொல்லாம விடக்கூடாதுன்னான்ல," என்றார்.

இரண்டு முட்டையும் ஃப்ரிஜ் கதவில் போய் உட்கார்ந்தன. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் மேரிராணிக்கு அவை கண்ணில் பட்டன.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடுகிற நாள். ஜான்பீட்டர் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே போய்த்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தனியாகப் போய்விட்டு விரலில் மையோடு திரும்பி வந்தவள், அவர் மோரையும் வாந்தி எடுத்துக் கிடப்பதைப் பார்த்தாள். துடைத்துவிட்டு, வேட்டி மாற்றும்போது அவர் காலைத் தூக்கினாள். அதில் கனமே இல்லை. அப்போதுதான் பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. விடிந்ததும், சனிக்கிழமை காலையில், சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று போனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ரெக்ஸ் முந்திக்கொண்டான்.

"ம்மா, நானே கூப்புடலாம்னு இருந்தேன். லிஸ்ட்ல என் பேரு வந்துடுச்சு. நாப்பது பேர்ல பன்னெண்டு பேரத்தான் எடுத்திருக்காங்க. முப்பதாந்தேதி அக்ரிமெண்ட்ல கையெழுத்து. இனிமே நாலு வருஷம் எவனும் என்னை அசைக்க முடியாது. அப்பாகிட்ட சொல்லு, நான் இங்க லைன் லீடர்னு சொல்லு. அவரு பேர கெடுக்கலன்னு சொல்லும்மா." அவன் குரல் கடைசியில் உடைந்தது.

மேரிராணி போனைக் காதில் வைத்தபடி குழாயடியில் நின்றாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. அப்பாவுக்கு அல்சர் இல்லைடா, கிளம்பி வா. இவ்வளவுதான். இதைச் சொன்னால் அவன் இப்போதே பெட்டியைத் தூக்குவான், அந்தக் கையெழுத்து போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் இன்னும் பதினைந்து நாள். பதினைந்து நாள் ஓடிவிடாதா என்று நினைத்தாள். நாலு மாசம் ஓடியதே, ஆண்டவரே, இந்தப் பதினைந்து நாளையும் ஓட்டிக்கொடும் என்று நினைத்தாள்.

"என்னம்மா, எதுக்கு கூப்பிட்ட?"

"ஒண்ணுமில்லடா. சாப்பிட்டியா?"

இதுதான் அவள் செய்த தப்பு. இதை இப்படி அப்படி என்று எப்படிப் புரட்டினாலும் தப்பு தப்புதான். பிறகு எத்தனையோ நாள் அந்தக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்று யோசித்திருக்கிறாள், அந்த இரண்டு நிமிஷத்தைத் திரும்பக் கொடுத்தால் என்ன சொல்லியிருப்போம் என்று.

உள்ளே போய், லிஸ்டில் பேர் வந்ததை அவரிடம் சொன்னாள். லைன் லீடர் என்றாள். "உங்க பேர கெடுக்கலியாம்," என்றாள். ஜான்பீட்டர் கண்ணை மூடியபடியே கேட்டார். "நான் எப்ப சொன்னேன் கெடுத்தான்னு," என்றார். "அத அவன்கிட்ட சொல்லிடு." சொல்கிறேன் என்றாள். மே மாசம் நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டுமே என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை, ஏப்ரல் இருபத்துநாலு. முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஜான்பீட்டர் கண்ணைத் திறந்து, "இன்னும் எத்தன ஞாயிறு?" என்றார்.

"ரெண்டுங்க."

"ரெண்டா," என்றார். அது கேள்வி இல்லை. யாரோ நீண்ட தூரம் என்று சொன்னதைக் கேட்டு நிற்கிறவர் சொல்வதுபோல் சொன்னார். அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு திரும்பி வருவதற்குள் போய்விட்டார்.

ஃபகருன்னிசாதான் ரெக்ஸுக்குப் போன் செய்தாள். மேரிராணியிடம் நம்பரைக் கேட்கவில்லை, போனையே கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரெக்ஸ் வந்து சேர்ந்தான். கம்பெனிச் சட்டையோடு, தோளில் ஒரே ஒரு பையோடு. வாசலில் ஷாமியானா, உள்ளே ஐஸ் பெட்டி. நான்கு மணிக்கு அடக்கம். பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளை அவன் அங்கே தேடியிருக்க வேண்டும், அங்கே இருந்தவர் அதில் பாதிகூட இல்லை. மேரிராணி முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து எதிரே மண்டியிட்டு, அந்த முந்தானையை விலக்கினான்.

"அல்சர்னு சொன்னியேம்மா."

அவள் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"டிசம்பர்."

"ஏம்மா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாருடா. நீ சாவுக்கு வரக்கூடாது, பண்டிகைக்கு வரணும்னாரு. உனக்கு கையெழுத்து வேற இருந்துது..."

"புதன்கெழம காலையில ஃபகரு அத்தை போன் பண்ணாங்க. அன்னைக்கி மத்தியானம் நான் ஏர்போர்ட்ல இருந்தேன்." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். "யாரும் என்னைப் புடிச்சு வெக்கல. கையெழுத்து கெடக்கட்டும்னு வந்துட்டேன். டிசம்பர்ல சொல்லியிருந்தாலும் இப்படித்தாம்மா வந்திருப்பேன். அவரு வாயால சொன்னத நீ நடத்தி வெச்சுட்டியேம்மா. செத்த பொறவு வரவெச்சுட்டியே."

அறையில் இருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். மேரிராணிக்கு அழுகை வரவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். ஃப்ரிஜ் கதவைத் திறந்தாள். இரண்டு முட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து மகனின் முன்னால் நீட்டினாள்.

"நீ போன்ல சொன்னத கேட்டுட்டு, அன்னைக்கே போடச் சொன்னாரு. எண்ணெ போட்டுத் தொடச்சது அவருதான். ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவருக்கு. உன்னோட பேச வேற வழி தெரியலடா அவருக்கு. நீ சொல்லுவியாம், அவரு பதில் சொல்லுவாராம். பொறவு தன்னால வந்துடும்னாரு."

ரெக்ஸ் ஒரு முட்டையை வாங்கி வெகு நேரம் பார்த்தான். அதன்மேல் எண்ணெய் இன்னும் மினுங்கியது. பிறகு எழுந்து, ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னான். சாந்த் பாஷாவும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கினார்கள். ஜான்பீட்டரின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. மேரிராணி மற்ற முட்டையை அந்தக் கைக்குள் வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை, முட்டை நழுவியது. அவள் தன் கையால் அவர் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குளிர் அவள் எலும்புவரை ஏறியது.

ரெக்ஸ் குனிந்தான். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"கிறிஸ்து உயிர்த்தார்," என்றான். தன் முட்டையால் அப்பாவின் முட்டையில் தட்டினான். ஓடு உடைகிற சத்தம் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது.

தட்டிவிட்டு அவன் நிமிரவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராக அப்படியே காத்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று சொன்னவனே அவன்தான், அந்தப் பதில் இனி வராது என்று தெரிந்தவன்போலவே இல்லை. மேரிராணி மகனைப் பார்த்தாள். இரண்டரை வருஷம் குளிருதா, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்று விடாமல் சுமந்து கொடுத்தவள். கொடுக்க வேண்டிய இரண்டை மட்டும் கொடுக்காமல் விட்டவள். குளிர்ந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அவரு பேர கெடுக்கலியாம். அப்பா சொன்னாருடா," என்றாள். அவர் கையை விடாமலே அடுத்ததையும் சொன்னாள்.

"மெய்யாகவே உயிர்த்தாராம். அப்பா சொல்றாருடா."